நடுத்தர விலை லேப்டாப்: அன்றாட வேலைக்கு ஆகுமா என்று சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நடுத்தர விலை லேப்டாப் எதை எடுத்தாலும், விலையைக் கட்டுக்குள் வைக்க எங்காவது ஓரிடத்தில் கை வைத்திருப்பார்கள். ஒன்றில் திரை, இன்னொன்றில் ரேம், வேறொன்றில் பேட்டரி. விளம்பரத்தில் ப்ராசசர் பெயர் பெரிதாக இருக்கும். கை வைத்த இடம் மட்டும் எழுதப்பட்டிருக்காது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அது உங்கள் அன்றாட வேலையைப் பாதிக்குமா என்று பார்ப்பதற்கான வழிமுறை இது.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். கண்ணுக்கும் கைக்கும் உடனே தெரிகிற குறைகள் முன்னால் வருகின்றன, மணிக்கணக்கில் ஓட வேண்டிய சோதனைகள் பின்னால் வருகின்றன. திருப்பித் தரும் காலக்கெடு பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மூன்று நாள் பேட்டரியை அளந்துவிட்டு நான்காம் நாள் திரையில் குறை கண்டால் அந்த மூன்று நாளும் வீண். மெனு பெயர்கள் விண்டோஸ் 11-ஐ ஒட்டிச் சொல்லப்பட்டுள்ளன.

1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

முதலில் ஒரு தாளில் உங்கள் ஒரு நாள் வேலையை எழுதுங்கள். பிரவுசரில் எத்தனை டேப் திறந்திருக்கும், வீடியோ கால் எவ்வளவு நேரம், எக்செல் கோப்பு எவ்வளவு பெரிது, சார்ஜர் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், வெளித்திரை இணைப்பீர்களா என்பதெல்லாம் அதில் வரட்டும். இதை எழுதாமல் தொடங்குபவர்கள், லேப்டாப் எதைச் சிறப்பாகச் செய்கிறதோ அதையே சோதித்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

கையில் வேண்டிய பொருட்கள்: யுஎஸ்பி 3 பென் டிரைவ் ஒன்று, மைக் வைத்த ஹெட்செட், எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு வெளித்திரை அல்லது டிவியும், கிடைத்தால் 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் ஒன்று. 40 முதல் 50 ஜிபி அளவுக்கு வீடியோ கோப்புகள் இருந்தால் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) சோதனைக்கு உதவும்.

பெட்டி, தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை, சிறு அட்டைகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கின், திரைக் காப்புத்தாள் ஒட்டுவதையும் முடிவெடுக்கும் வரை தள்ளிப்போடுங்கள்.

2. முழு மாடல் எண்ணைப் படித்தல்

ஒரே தொடர் பெயரில் பல உள்ளமைப்புகள் விற்பனைக்கு வரும். பெயர் ஒன்று, மேல்மூடி ஒன்று. ஆனால் ஒன்றில் 300 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) திரை, இன்னொன்றில் 250 நிட்ஸ் திரை. இணையத்தில் பாராட்டப்பட்ட மாடலும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்பதைப் பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள நீண்ட மாடல் எண்தான் சொல்லும். அந்த எண்ணை அப்படியே நிறுவனத்தின் தளத்தில் தேடி, விவரப் பட்டியலைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையையும் அதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள். லேப்டாப்பின் அடியில் அச்சிட்ட சீரியல் எண் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ப்ராசசர். 'ஐ5', 'ரைசன் 5' என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் புதிதாக வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. முழு எண்ணையும் படிக்க வேண்டும். ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சில்லுகளில் மூன்றாவது இலக்கம் கட்டமைப்பை, அதாவது 'ஜென்' தலைமுறையைக் குறிக்கிறது. ரைசன் 5 7520யு என்பது ஜென் 2, 4 கோர் (சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 7530யு என்பது ஜென் 3, 6 கோர். 7540யு என்பது ஜென் 4. மூன்றுக்கும் பெட்டியில் 'ரைசன் 5 7000' என்றே போடலாம், ஆனால் உள்ளே இருப்பவை வேறு வேறு தலைமுறைகள்.

இன்டெல்லிலும் இதே கதைதான். 'கோர் அல்ட்ரா 5 125யு' புதிய கட்டமைப்பு, 'அல்ட்ரா' இல்லாத 'கோர் 5 120யு' அதற்கு முந்தைய தலைமுறையின் தொடர்ச்சி. கடைசி எழுத்து மின்பசியைக் காட்டும்: 'யு' என்றால் அடிப்படை 15 வாட் வகை, 'எச்' என்றால் அதைவிட அதிகம், 28 அல்லது 45 வாட் வகை. அன்றாட எழுத்து வேலை, பிரவுசர், வீடியோ கால் ஆகியவற்றுக்கு 'யு' போதும். பேட்டரியும் கூடுதல் நேரம் வரும். 'எச்' வேண்டுமென்றால் அதற்கேற்ற ஃபேனும் பெரிய பேட்டரியும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

என்100 போன்ற 'என்' வரிசை சில்லுகள் நடுத்தர விலையில் வந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து. என்100-இல் இருப்பவை நான்கு சிறு கோர்கள் மட்டுமே. ஒரு கோப்பைத் திறந்து படிக்கத் தடுமாறாது, வீடியோ கால் ஓடும்போதே எக்செலைத் திறந்தால் தடுமாறும்.

3. இயக்கும் முன் உடலைச் சோதித்தல்

சமதளமான மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஆடினால் அடிப்பாகம் வளைந்திருக்கிறது, அல்லது ரப்பர் கால் சரியாக ஒட்டவில்லை.

மூடியைப் பலமுறை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கீல் இரண்டு பக்கமும் ஒரே சீராக நகர வேண்டும். 'கறக்' என்ற சத்தமோ, திறக்கும்போது கீலுக்கு அருகே கீழ்ப்பாகம் விரிவதோ தெரிந்தால் அங்கேயே நிறுத்தி மாற்றக் கேளுங்கள். பிளாஸ்டிக் உடலில் கீலின் திருகு பிடித்திருக்கும் இடம் உடைவது பழைய லேப்டாப்களில் அடிக்கடி பார்க்கும் பழுது. ஆரம்பத்திலேயே விரிசல் காட்டுவது நாளாக ஆக மோசமாகத்தான் போகும்.

கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்தினால் சிறிது உள்வாங்குவது இந்த விலையில் இயல்பு. டச்பேடு சேர்ந்து அமுங்கினாலோ, தானாகவே கிளிக் ஆனாலோ அது குறை.

காற்றுத் துளைகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவில் பெரும்பாலும் அடியிலிருந்து காற்றை இழுத்துக் கீல் பக்கமாக வெளியேற்றுவார்கள். படுக்கையிலும் மடியிலும் வைத்து வேலை செய்பவருக்கு இது முக்கியமான தகவல், ஏனென்றால் துணி துளையை அடைத்துவிடும்.

4. இயக்கி, அப்டேட்டுகளை ஓடவிடுதல்

முதல் மணி நேரத்தில் எந்த வேகச் சோதனையும் செய்யாதீர்கள். புதிய விண்டோஸ் பின்னணியில் அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டும், கோப்புகளைப் பட்டியலிட்டுக்கொண்டும், கூடவே வந்த ஆப்களைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். அப்போது ஃபேன் கத்தும், உடல் சூடாகும், பேட்டரி மடமடவென்று இறங்கும். இதைப் பார்த்துவிட்டு லேப்டாப்பே மோசம் என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம்.

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் எதுவும் மிச்சமில்லை என்று வரும் வரை ஓடவிடுங்கள். பிறகு நிறுவனத்தின் சொந்த ஆப்பில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் போடுங்கள். ஃபேன் எப்போது சுழல வேண்டும், ப்ராசசர் எத்தனை வாட் எடுக்கலாம் என்பவை பயாஸில்தான் இருக்கின்றன, எனவே அதன் பின் அளப்பதே உண்மையான அளவு.

பயாஸைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டிரைவ் தானாகவே குறியாக்கம் ஆகியிருக்கலாம், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். அப்டேட்டுக்குப் பின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடவும் வாய்ப்புண்டு. அந்தச் சாவி உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று போனில் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

அப்டேட் இறங்கும் நேரத்தில் அடுத்த இரண்டு படிகளை முடித்துவிடலாம். திரையும் கீபோர்டும் பின்னணி வேலையால் பாதிக்கப்படுவதில்லை.

5. திரை

அதிகமாகக் கை வைக்கப்படுவது இங்கேதான். பிறகு மாற்ற முடியாததும் இதுதான். ஆகவே நேரம் எடுத்துப் பாருங்கள்.

முதலில் ஏமாற்றும் அமைப்புகளை அணையுங்கள். டிஸ்ப்ளே அமைப்பில், காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் தேர்வு இருக்கும். ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸ் ஆப்களிலும் மின்சேமிப்புக்காக நிறத்தை வெளிறச் செய்யும் தேர்வுகள் உண்டு. இவற்றை விட்டுவைத்தால் பேட்டரியில் ஒரு நிறம், சார்ஜரில் ஒரு நிறம் தெரியும். திரையின் உண்மையான தரம் பிடிபடாது.

வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி ஒற்றை நிறப் படங்களை முழுத்திரையில் காட்டுங்கள். மாறாமல் ஒரே நிறத்தில் நிற்கும் புள்ளிகளைத் தேடுங்கள். ஓரிரு புள்ளிகளைப் பல நிறுவனங்கள் குறையாகவே ஏற்பதில்லை. உத்தரவாத விதிகளில் எத்தனை என்று இருக்கும். அதனால் இதைத் திருப்பித் தரும் காலத்துக்குள் காண்பது அவசியம்.

கறுப்புப் படத்தை இருட்டறையில், வெளிச்சத்தைப் பாதியாக வைத்துப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் எந்த ஐபிஎஸ் (பரவலான எல்சிடி வகை) திரையும் மோசமாகத்தான் தெரியும். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள். கோணத்தோடு சேர்ந்து மாறினால் அது ஐபிஎஸ் திரைகளின் இயல்பான பளபளப்பு. நகராமல் அதே இடத்தில் நின்றால் கசிவு, அதற்கு மாற்றக் கேட்கலாம்.

நிறத்துக்கு விவரப் பட்டியலில் ஒரு எண்ணைத் தேடுங்கள். '45% என்டிஎஸ்சி' (என்டிஎஸ்சி ஒரு நிற அளவுகோல்) என்றிருந்தால் அது கணினிகளில் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். '72% என்டிஎஸ்சி' என்பது சுமார் 100% எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். ஒரே படத்தைப் போனிலும் லேப்டாப்பிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: 45% திரையில் கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகும், மனிதத் தோல் வெளிறும். எழுத்து வேலைக்கு இது தடையில்லை. படம் திருத்துபவருக்கும், இணையத்தில் பொருள் விற்கப் படம் போடுபவருக்கும் இது ஒன்றே நிராகரிக்கப் போதுமான காரணம்.

வெளிச்சத்தைப் பகலில் ஜன்னல் அருகே சோதியுங்கள். 250 நிட்ஸ் திரை வீட்டுக்குள் போதும். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால் திணறும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவர் 300-க்கும் மேல் தேட வேண்டும்.

கண் வலி வருபவர்கள் இதையும் செய்யுங்கள். வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்து, போன் கேமராவின் ஷட்டரை 1/1000 வினாடிக்கு வைத்து வெள்ளைத் திரையைப் படமெடுங்கள். கறுப்புப் பட்டைகள் விழுந்தால் திரை வேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரைகளில் இது பரவலாக உண்டு. எல்லோரையும் இது வருத்துவதில்லை, வருத்தும் ஒருவருக்கு வேறு எந்தச் சிறப்பும் அதை ஈடுசெய்யாது.

6. கீபோர்டு, டச்பேடு, கேமரா, மைக்

நீங்கள் வழக்கமாக எழுதும் மொழியில் ஒரு பக்கம் முழுதும் தட்டச்சு செய்யுங்கள். இரண்டு வரி அடித்தால் எல்லா கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் அடித்த பிறகுதான் நம்பர்பேடு இருப்பதால் கைகள் இடப்பக்கம் ஒதுங்குவதும், அம்புக்குறி விசைகள் பாதி உயரத்தில் இருப்பதும், பேக்ஸ்பேஸுக்குப் பக்கத்தில் பவர் பட்டன் உட்கார்ந்திருப்பதும் விரலுக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு விசையையும் அதன் மூலையில் அழுத்திப் பாருங்கள். நடுவில் பதிந்து மூலையில் பதியாத விசை சீக்கிரமே தொல்லை கொடுக்கும்.

டச்பேடில் இரண்டு விரல் உருட்டல், ஓரத்திலிருந்து இழுத்தல், தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டால் கர்சர் குதிக்கிறதா என்பவை முக்கியம். இதைச் சார்ஜர் செருகிய நிலையிலும் கழற்றிய நிலையிலும் செய்யுங்கள். சார்ஜர் செருகியதும் மட்டும் கர்சர் நடுங்கினால், கோளாறு டச்பேடில் இருப்பதைவிட மின்னிணைப்பின் எர்த்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். உலோக உடலைத் தொட்டால் விரலில் லேசாக மின்சாரம் பட்டதுபோல் தெரிவதும் அதனால்தான். எர்த் சரியாக உள்ள வேறு பிளக்கில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேமராவைச் சோதிக்க, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கும்படி உட்கார்ந்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தெளிவு குறைந்த 720பி கேமரா இங்கே முகத்தை இருட்டாக்கிவிடும். அந்தப் பதிவிலேயே பேசிக்கொண்டே தட்டச்சும் செய்து, பிறகு ஹெட்செட்டில் கேளுங்கள். விசைச் சத்தம் குரலை மூடினால் வீடியோ கால்களுக்கு ஹெட்செட் கட்டாயம். ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருந்தால் மெத்தையில் வைத்தும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

7. ரேமும் எஸ்எஸ்டியும்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். ரேமின் வேகம், எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) பயன்பாட்டில் உள்ளது, ஃபார்ம் ஃபேக்டர் (ரேமின் வடிவம்) என்று மூன்றையும் குறியுங்கள். 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றும் வகை. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது. வாங்கிய அளவுதான் கடைசி வரை. பற்றவைத்த ரேமுக்கு ஸ்லாட் எண்ணிக்கை தவறாகவும் காட்டலாம், ஆகவே படி 2-இல் சேமித்த பட்டியலோடு சரிபாருங்கள்.

ஒரே ஒரு ரேம் துண்டு மட்டும் போட்டு விற்பது விலைக்காகக் கை வைக்கும் இன்னொரு இடம். தனி கிராபிக்ஸ் சில்லு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே துண்டு இருந்தால், அதாவது ஒற்றைச் சேனலில், ரேமுக்கான தரவுப் பாதை பாதியாகிவிடும். இன்டெல்லின் 11 முதல் 13-ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்களில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: விளம்பரத்தில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்றிருக்கும், டாஸ்க் மேனேஜரில் வெறும் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று வரும். காலி ஸ்லாட்டில் இன்னொரு துண்டு போட்டால் சரியாகிவிடும்.

அளவு போதுமா என்பதற்கு ஊகம் வேண்டாம். படி 1-இல் எழுதிய வேலைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்து மெமரிப் பக்கத்தைப் பாருங்கள். பயன்பாடு 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, 'கமிட்டட்' எண் (ஆப்களுக்கு ஒதுக்கிய மொத்த மெமரி) மொத்த ரேம் அளவை விடப் பெரிதானாலோ, லேப்டாப் எஸ்எஸ்டியை ரேமுக்குப் பதிலாகப் பயன்படுத்தத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டேப் மாற்றும்போது அரை வினாடி தயங்குவது இதனால்தான். பற்றவைத்த 8 ஜிபி மட்டும் உள்ள லேப்டாப்பை இன்று அன்றாட வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 16 ஜிபி குறைந்தபட்சம்.

512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் சுமார் 476 ஜிபி என்று தெரியும். அது குறையல்ல, நிறுவனம் ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி இதுவரை ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள். புதிய லேப்டாப்பில் அது சில மணி நேரமே இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய பொருள் உங்களிடம் வந்திருக்கிறது.

பெரிய வீடியோ கோப்புறையை எஸ்எஸ்டிக்குள்ளேயே இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுத்து, வேக வரைபடத்தைக் கவனியுங்கள். மலிவான எஸ்எஸ்டி முதலில் பறந்து, வேகத் தாங்கி (முதலில் எழுதப்படும் வேகமான சிறு பகுதி) நிறைந்ததும் வினாடிக்கு 100 அல்லது 200 எம்பிக்கு விழும். அடிக்கடி பெரிய கோப்புகளை நகர்த்தாதவருக்கு இதனால் பாதிப்பில்லை. மேலும் பெரும்பாலான லேப்டாப்களில் எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இதற்காக ஒரு நல்ல திரையுள்ள லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

8. சூடும் நீடித்த வேகமும்

இந்தப் படிக்கு வருமுன் அப்டேட் முழுதும் முடிந்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் சும்மா விட்டிருக்க வேண்டும். மேசையில் வையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, லேப்டாப்பின் உள் அளவுகளைக் காட்டும் மென்பொருளைத் திறந்து ப்ராசசரின் வெப்பநிலை, வாட், கிளாக் (வேகம்) ஆகிய மூன்று வரிகளையும் கண்ணில் படும்படி வையுங்கள். ப்ராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளில் எல்லாக் கோர்களுக்குமான பத்து நிமிடச் சோதனையை ஓடவிடுங்கள். ஒரே ஓட்டம் போதாது. உலோகம் சூடாக நேரம் எடுக்கும்; முதல் நிமிடத்தில் எல்லா லேப்டாப்பும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

தொடங்கியதும் வாட் எகிறி, ஒரு நிமிடத்துக்குள் இறங்குவதைக் காண்பீர்கள். இது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. உதாரணமாக ஐ5-1335யு சில்லுக்கு அடிப்படை 15 வாட், குறுகிய நேர உச்சம் 55 வாட். பார்க்க வேண்டியது மூன்றாம் நிமிடத்துக்குப் பிந்தைய நிலை. அங்கே வாட் நிலையாக நின்றால் குளிர்விப்பு தன் வேலையைச் செய்கிறது.

வெப்பநிலையைத் தனியாகப் பார்த்துப் பயப்படுவது இரண்டாவது பொதுத் தவறு. உச்சத்தில் சில வினாடி 95 டிகிரி தொடுவது இன்றைய மெல்லிய லேப்டாப்களில் சாதாரணம். சில்லு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். வாட்டையும் வெப்பத்தையும் சேர்த்துப் படியுங்கள். 25 வாட்டில் 90 டிகிரி என்றால் சரி. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் 12 வாட்டிலேயே 95 டிகிரி என்றால், ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) சில்லின் மேல் சரியாக உட்காரவில்லை அல்லது இடையில் தடவிய பேஸ்ட் சரியாகப் பரவவில்லை. அதை மாற்றித்தான் வாங்க வேண்டும்.

ஓட்டத்தின் எட்டாவது நிமிடத்தில் உள்ளங்கை வைக்கும் இடத்தையும் அடிப்பாகத்தையும் தொடுங்கள். கீபோர்டின் மேல் வரிசை சூடாகலாம், கை வைக்கும் இடம் சூடாகக் கூடாது. அதே சமயம் அமைதியான அறையில் ஃபேன் சத்தத்தையும் கேளுங்கள். சத்தத்தின் அளவைவிட, வேகம் நொடிக்கொருமுறை ஏறி இறங்குவதே அன்றாடத்தில் அதிகம் எரிச்சலூட்டும்.

கடைசியாகச் சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பேட்டரியில் சிறிது மதிப்பெண் குறைவது சகஜம். பாதியாகிவிட்டால், வெளியில் எடுத்துச் சென்று வேலை செய்பவருக்கு அந்த ப்ராசசர் பெயரால் பயனில்லை.

9. வை-ஃபையும் போர்ட்டுகளும்

ரவுட்டருக்கு அருகில் நின்று வை-ஃபை பண்புகளில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 433 எம்பிபிஎஸ் என்றால் ஒற்றை ஆன்டெனா வைத்த வை-ஃபை 5 அட்டை. 1201 என்றால் இரண்டு ஆன்டெனா வை-ஃபை 6. உங்கள் ரவுட்டர் பழையதென்றால் அதன் எல்லைதான் தெரியும், லேப்டாப்பைக் குறை சொல்ல வேண்டாம். பிறகு வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய், போனோடு ஒப்பிடுங்கள். போனில் சிக்னல் நன்றாக இருந்து லேப்டாப்பில் விட்டுவிட்டு வந்தால் ஆன்டெனா இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

ஒவ்வொரு யுஎஸ்பி போர்ட்டிலும் பென் டிரைவிலிருந்து ஒரு பெரிய கோப்பைப் படியுங்கள். வேகம் வினாடிக்கு 40 எம்பியைத் தாண்டவே இல்லையென்றால் அந்த போர்ட் யுஎஸ்பி 2.0. மூன்றில் ஒன்று அப்படி இருப்பது வழக்கம். மவுஸை அங்கே செருகுங்கள்.

யுஎஸ்பி-சி துளையின் வடிவம் எதையும் உறுதி செய்யாது. அது தரவு மட்டும் கடத்தலாம், சார்ஜும் ஏற்றலாம், திரையையும் இணைக்கலாம். 65 வாட் சார்ஜரைச் செருகிச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏறினால் பயணத்தில் ஒரு சார்ஜர் மிச்சம்.

4கே வெளித்திரை வைத்திருப்பவர், இணைத்த பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் புதுப்பிப்பு வீதத்தைப் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் அனுப்பும். மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகரும். 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும்.

10. பேட்டரி

விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கை விட்டுவிட்டு வாட்-அவர் எண்ணை (பேட்டரியின் கொள்ளளவு) எடுத்துக்கொள்ளுங்கள். லேசான வேலையில் லேப்டாப் 6 முதல் 10 வாட் வரை இழுக்கும். 50 வாட்-அவர் பேட்டரியில் 8 வாட் இழுத்தால் ஆறேகால் மணி நேரம். 40-க்கு அருகில் உள்ள பேட்டரி என்றால் இதே வேலைக்கு ஐந்து மணி நேரம்தான். எந்த அப்டேட்டும் இந்தக் கணக்கை மாற்றாது.

முதலில் பேட்டரியின் உடல்நிலை. எச்டபிள்யூஇன்ஃபோவில் வடிவமைப்புக் கொள்ளளவும் முழுச் சார்ஜ் கொள்ளளவும் தெரியும். புதியதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கேள்வி கேளுங்கள்.

பிறகு 100% ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, அறைக்குள் வசதியாகப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் வைத்து, உங்கள் சொந்த வேலையை மூன்று மணி நேரம் செய்யுங்கள். அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துப் பெருக்குவது தவறான விடை தரும். முதல் சில சதவீதம் மெதுவாகவும் பின்னது வேகமாகவும் இறங்குவது சகஜம். மூன்று மணி நேரத்தில் 45 சதவீதம் போயிருந்தால், 10 சதவீதத்தைக் கையிருப்பாக விட்டு ஆறு மணி நேரம் என்று கணக்கிடலாம்.

இரவில் சதவீதத்தைக் குறித்துவிட்டு மூடியை மூடி வையுங்கள். காலையில் மணிக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் தூக்க நிலையிலும் உள்ளே ஏதோ ஓடுகிறது. மூடி மூடும்போது ஹைபர்னேட் (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதும் அணைதல்) ஆகும்படி மாற்றினால் இது தீரும். இதை மட்டும் காரணமாக வைத்துத் திருப்பித் தர வேண்டியதில்லை.

11. வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா

கண்ட குறைகளை மூன்று பிரிவாக எழுதுங்கள். திரை, கீபோர்டு, கீல், பற்றவைத்த ரேம், குளிர்விப்பு, போர்ட்டுகள் முதல் பிரிவு; இவற்றை யாராலும் பின்னால் எளிதாக மாற்ற முடியாது. எஸ்எஸ்டி, ஸ்லாட் ரேம் இரண்டாம் பிரிவு; கொஞ்சம் செலவழித்தால் மாறும். ஃபேன் முறை, தூக்க நிலை, தேவையில்லாத ஆப்கள் மூன்றாம் பிரிவு; அமைப்புகளிலேயே தீரும்.

முதல் பிரிவில் உள்ள ஒரு குறை, படி 1-இல் எழுதிய தாளில் உள்ள ஒரு வேலையோடு மோதினால் திருப்பித் தாருங்கள். மற்ற இரண்டு பிரிவுக் குறைகளுக்காக வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். முதல் பிரிவுக் குறை ஒன்று இருந்தும் அது உங்கள் தாளில் எங்கும் வரவில்லையென்றால், அந்த லேப்டாப் உங்களுக்குச் சரியானதே.

திருப்பித் தருவதானால், அமைப்புகளில் ரீசெட் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அதை நீக்குங்கள். வைத்துக்கொள்வதானால், பெரும்பாலும் சார்ஜரிலேயே இருக்கப்போகும் லேப்டாப்புக்கு நிறுவன ஆப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக அன்றைக்கே வையுங்கள். இப்போது காப்புத்தாளையும் ஒட்டலாம்.